படித்துத் திரும்பியவருக்கு ஊரில் என்ன வேலை?

கல்லூரித் தேர்வுகள் முடிந்து விடுமுறை விட்டதும் ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை சுற்றுவட்டாரக் காலனிகளில் ஒரே பேச்சுதான். "எந்தக் கம்பெனியில ரெண்டு மாசத்துக்கு ஆள் எடுக்கறாங்க?" விடுதியை மூடியதும் துணிப்பையோடு ஊர் வந்து சேர்ந்த மாணவர்கள், மறுவாரமே அம்மாவும் அக்காவும் ஏறுகிற அதே கம்பெனி வண்டியில் ஏறுகிறார்கள். அடுத்த பருவக் கட்டணம், தம்பியின் பள்ளிச் செலவு, வீட்டுக் கடன் வட்டி என்று அந்த இரண்டு மாதக் கூலிக்கு ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள்.

வெளிநாட்டில் படித்துத் திரும்பிய நம் பிள்ளைகள் சிலருக்கும் இந்த வரிசையில் நிற்க நேர்கிறது. படிப்பு முடிந்திருக்கும், நிரந்தர வேலை கிடைத்திருக்காது. அல்லது படிப்புக்கு நடுவே விடுமுறையில் வந்திருப்பார்கள்; திரும்பிப் போக டிக்கெட்டுக்குப் பணம் வேண்டும். அவர்களைப் பார்த்து ஊர் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "லண்டன் போய்ப் படிச்சிட்டு வந்து ஷூ கம்பெனிக்கா போற?"

கேட்பவர்களில் பலருக்கு அது கேலி. பெற்றவர்களுக்கு அது வலி. இந்தக் கேள்வி இன்று நேற்று பிறந்ததல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன்பே அண்ணல் அம்பேத்கர் இதை எதிர்கொண்டிருக்கிறார். அவர் பட்டங்களை நாம் மேடைதோறும் பட்டியலிடுகிறோம். அந்தப் பட்டங்களோடு ஊர் திரும்பியபோது அவர் வேலைக்கும் வாடகை அறைக்கும் அலைந்த கதையை அவ்வளவாகப் பேசுவதில்லை. நம் மாணவர்கள் இப்போது தெரிந்துகொள்ள வேண்டியது அந்தக் கதைதான்.

பரோடாவில் பதினோரு நாள்

1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த உதவித்தொகையில் அம்பேத்கர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். படித்து முடித்ததும் பரோடா சமஸ்தானத்தில் பத்து ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். 1915இல் எம்.ஏ. முடித்தார். 1916இல் லண்டன் சென்று பொருளாதாரப் பள்ளியிலும், பாரிஸ்டர் படிப்புக்குக் கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டதால் 1917இல் படிப்பை நடுவில் விட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. நான்கு ஆண்டுகளுக்குள் வந்து படிப்பைத் தொடரலாம் என்று மட்டும் லண்டனில் அனுமதி வாங்கி வைத்துக்கொண்டார். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. அவர் பெட்டிகளையும் புத்தகங்களையும் ஏற்றி வந்த கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியது. அதற்குக் கிடைத்த இழப்பீட்டுப் பணத்தில் ஒரு பகுதிதான் பரோடா போவதற்கு வழிச்செலவானது.

பரோடாவில் அரசு வேலை காத்திருந்தது. ஆனால், தங்க இடமில்லை. இந்து விடுதிகளில் சேர்க்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். பார்சிகள் மட்டுமே தங்கக்கூடிய ஒரு சத்திரத்தில், நாளுக்கு ஒன்றரை ரூபாய் வாடகைக்கு, பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதித் தங்கினார். மாடி முழுக்கக் குப்பையும் உடைந்த சாமான்களும். மின்விளக்கு கிடையாது. பேச்சுத் துணைக்கு ஆளும் இல்லை. அரசு வீடு கேட்டுத் திவானுக்கு மனு எழுதினார். பதில் தள்ளிக்கொண்டே போனது.

பதினோராம் நாள் காலை, அலுவலகம் புறப்படும் நேரத்தில், ஒரு டஜன் பார்சிகள் கையில் தடியோடு மாடியேறி வந்தார்கள். சத்திரத்தைத் தீட்டுப்படுத்திவிட்டதாகச் சொல்லி, மாலைக்குள் காலி செய்யச் சொன்னார்கள். அவர் நண்பர்கள் இருவரிடம் போய் இடம் கேட்டார். ஒருவர் இந்து. அவரோ, உங்களைச் சேர்த்தால் என் வீட்டு வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். மற்றவர் கிறிஸ்தவர். மனைவி ஊரிலிருந்து வந்த பிறகு கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அதன்பின் அம்பேத்கர் ஒரு பூங்காவில் போய் உட்கார்ந்து, இரவு ஒன்பது மணி ரயிலுக்காகக் காத்திருந்தார். அந்த ரயிலில் பம்பாய் திரும்பினார். கொலம்பியாவில் படித்தவரைப் பரோடா பதினோரு நாள்கூடத் தாங்கவில்லை. பதினெட்டு ஆண்டுகள் கழித்து இதை எழுதும்போதும், நினைத்தால் கண்ணீர் வராமல் இருப்பதில்லை என்ற பொருளில் அவர் குறிப்பிட்டிருக்கிறார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவருக்குத் தகுதி குறைவாக இருந்ததா? இல்லை. வேலை கிடைக்கவில்லையா? கையில் இருந்தது. பணி ஆணையைச் சாதி கிழிக்கவில்லை. தலைசாய்க்க ஓர் அறை தராமல் துரத்தியது. அறை போனதும் வேலையும் தானாகப் போய்விட்டது.

கிடைத்த வேலையும் கைவிடாத குறிக்கோளும்

பம்பாய் திரும்பியவருக்குக் குடும்பப் பொறுப்பு இருந்தது. லண்டனில் பாதியில் விட்ட படிப்பும் இருந்தது. கிடைத்த வேலைகளைச் செய்தார். மாணவர்களுக்குத் தனிப்பாடம் சொல்லிக்கொடுத்தார். பங்குச் சந்தை முதலீடு பற்றி வணிகர்களுக்கு ஆலோசனை சொல்லும் தொழிலைத் தொடங்கினார். ஆலோசனை சொல்பவர் தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவது நின்றுபோனது.

1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் வணிகவியல் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியர் வேலை கிடைத்தது. மாதம் 450 ரூபாய் சம்பளம். அதுவும் தற்காலிகப் பணிதான். மாணவர்கள் முதலில் அவரைப் பொருட்படுத்தவில்லை. நாளாக ஆக, பிற கல்லூரி மாணவர்களும் அனுமதி பெற்று அவர் வகுப்புக்கு வரத் தொடங்கினார்கள். ஆனால், ஆசிரியர்களுக்கென்று வைத்திருந்த பானையில் அவர் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சக பேராசிரியர்கள் சிலரே எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

அந்த அவமானத்தோடு அவர் அங்கே நிரந்தரமாக உட்கார்ந்துவிடவுமில்லை. கோபத்தில் மறுநாளே வேலையை உதறவுமில்லை. வீட்டுச் செலவைச் சுருக்கிப் பணம் சேர்த்தார். 1920 ஜனவரி 31இல் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். அந்த ஆண்டு மார்ச்சில் வேலையை விட்டார். சேர்த்த பணத்தோடு கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜின் உதவியும் நண்பர் நாவல் பத்தேனாவிடம் வாங்கிய கடனும் சேர, ஜூலையில் லண்டனுக்குக் கப்பலேறினார். 1921இல் எம்.எஸ்.சி., 1923இல் டி.எஸ்.சி. என்று விட்ட படிப்பையெல்லாம் முடித்தார். பாரிஸ்டரும் ஆனார்.

மறுபடி ஊர் திரும்பிய பிறகும் நிலைமை உடனே மாறிவிடவில்லை. தீண்டத்தகாத பாரிஸ்டருக்கு வழக்குகள் எளிதில் வரவில்லை. 1925 முதல் 1928 வரை ஒரு கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் பகுதிநேரமாக வணிகச் சட்டம் நடத்தினார். பிற்காலத்தில் அரசமைப்புச் சட்டத்தின் வரைவுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர், முப்பது வயதைக் கடந்த பிறகும் பகுதிநேரச் சம்பளத்தில் வீட்டை ஓட்டியவர்தான்.

ஒரு கடிதத்தின் பலம்

இன்னொருவரையும் பார்ப்போம். கேரளத்தின் உழவூரில் ஏழைத் தலித் குடும்பத்தில் பிறந்த கே.ஆர்.நாராயணன், 1943இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கிய எம்.ஏ.வில் முதலிடம் பெற்றார். விரிவுரையாளர் பணி கேட்டார். எழுத்தர் பணி தருகிறோம் என்றார்கள். அவர் அதை ஏற்கவில்லை, பட்டத்தையும் வாங்கவில்லை. டெல்லி, சென்னை, பம்பாய் என்று போய்ப் பத்திரிகை வேலைகள் செய்தார். சென்னையில் 'தி இந்து' நாளிதழில் பணியாற்றினார். பிறகு ஜே.ஆர்.டி.டாடாவின் உதவியோடு லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குப் போனார். 1948இல் திரும்பியபோது, அவருடைய பேராசிரியர் ஹெரால்டு லாஸ்கி பிரதமர் நேருவுக்கு எழுதிய அறிமுகக் கடிதம் அவர் கையில் இருந்தது. 1949இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். 1997இல் குடியரசுத் தலைவரானார்.

நாராயணனின் அறிவு 1943லும் இருந்தது, 1948லும் இருந்தது. இடையில் வந்து சேர்ந்தது அவரை அறிந்த ஒருவர் எழுதிய கடிதம். மேல்சாதி, வசதிபடைத்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கடிதம் பிறக்கும்போதே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. மாமா வங்கியில் இருப்பார். சித்தப்பா ஏற்றுமதி நிறுவனம் நடத்துவார். அப்பாவின் நண்பர் ஆடிட்டராக இருப்பார். விடுமுறை வேலை ஒரு போன் பேச்சில் முடிந்துவிடும். நம் பிள்ளைகளுக்குத் தெரிந்தவர்கள் யார்? சுண்ணாம்புத் தொட்டியில் தோல் அலசும் அப்பாவும், மெஷினில் அப்பர் தைக்கும் அம்மாவும்தான். அவர்கள் பரிந்துரைத்தால் தாங்கள் செய்கிற அதே வேலை கிடைக்கும். அதற்கு மேல் அவர்கள் சொல்லுக்குக் கம்பெனியில் மதிப்பில்லை.

தோல் நகரில் நம் இடம் எது?

இந்த வட்டாரத்தின் தோல் தொழில் நம் மக்களின் உழைப்பால் வளர்ந்தது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதப்படுத்திய காலத்திலிருந்து, குரோமியம் கலந்த தண்ணீரில் நிற்கிற இன்றைய நாள்வரை, ஈரத்திலும் நாற்றத்திலும் நின்றவர்களில் பெரும்பாலோர் ஆதிதிராவிடரும் அருந்ததியரும். தோலைத் தொட்டதற்காகவே நம்மைத் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கிய சமூகம், அந்தத் தோலில் செய்த ஷூவைப் பெருமையோடு மாட்டிக்கொண்டது. 1996 ஆகஸ்ட் 28இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்புக்குக் காரணமான பாலாற்றுத் தண்ணீரைக் குடித்தவர்களிலும் நம்மவர்கள் உண்டு. 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூக்கத்திலேயே பத்துத் தொழிலாளர்கள் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்த ஏழைகள். அடிமட்ட வேலையின் ஆபத்து எந்த மாநிலத்து ஏழையையும் விட்டுவைப்பதில்லை.

அதனால்தான் படித்த பிள்ளை விடுமுறையில் ஷூ கம்பெனிக்குப் போகிறது என்றதும் நமக்கு இரண்டு விதமாகத் தோன்றுகிறது. உழைத்துச் சம்பாதிப்பதில் இழிவு ஏதுமில்லை. பிரிட்டனில் படிக்கப் போகிற மாணவர் கல்லூரி நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம்வரை வேலை செய்ய விசா அனுமதிக்கிறது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அங்கே ஓட்டலில் தட்டு கழுவுகிறார்கள்; கடைகளில் பெட்டி அடுக்குகிறார்கள். அது அவர்களுடைய தன்னம்பிக்கைக்குச் சான்றாகப் பேசப்படுகிறது. அதே உழைப்பை ஆம்பூரில் நம் பிள்ளை செய்தால் மட்டும் கேலி எதற்கு?

ஆனால், இன்னொரு கேள்வியும் இருக்கிறது. இங்கே தைக்கப்படும் ஷூக்கள் ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் பிரிட்டனுக்கும் போகின்றன. அந்த நாட்டு வாடிக்கையாளர்களோடு கடிதப் போக்குவரத்து நடத்த, தரம் பார்க்க, ரசாயனச் சோதனை அறிக்கை படிக்க, வடிவமைப்பு செய்ய, கழிவுநீர்ச் சுத்திகரிப்பைக் கண்காணிக்க ஆட்கள் தேவை. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய தலித் மாணவருக்கு இதில் ஒரு மேசை ஏன் கிடைப்பதில்லை? மெஷின் வரிசையில் உடனே இடம் தருகிறவர்கள், அலுவலக அறையில் மட்டும் "ஆள் இருக்கு" என்று ஏன் சொல்கிறார்கள்? அப்பா தோல் அலசிய கம்பெனியில் மகள் சோதனைக் கூடத்தில் பயிற்சி பெற முடியும் என்றால்தான், அவள் படித்த படிப்பு இந்த ஊருக்கும் வந்து சேர்ந்ததாக அர்த்தம்.

போக உதவி உண்டு, திரும்பி வந்தால்?

வெளிநாட்டுப் படிப்புக்கு உதவி இல்லாமல் இல்லை. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை 1950களிலிருந்து இருக்கிறது. ஆண்டுக்கு 125 இடங்கள். அதில் 115 பட்டியல் சாதியினருக்கு. 35 வயதுக்கு உட்பட்டவராகவும், குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசும் அண்ணல் அம்பேத்கர் பெயரில் வெளிநாட்டு உயர்கல்விக்கு உதவித்தொகை தருகிறது. கிராமத்து மாணவர்கள் இவற்றை இளங்கலை முடிக்கும் முன்பே தெரிந்துகொண்டு தயாராக வேண்டும்.

ஆனால், இந்த உதவியெல்லாம் படிப்பு முடிகிற நாளோடு நின்றுவிடுகிறது. 1917இல் அம்பேத்கர் விழுந்த பள்ளம் அங்கேதான் தொடங்குகிறது. திரும்பி வந்த முதல் ஓராண்டு அவர்கள் எங்கே தங்குவார்கள், எதை வைத்துச் சாப்பிடுவார்கள், நேர்காணலுக்கு எப்படிப் போவார்கள் என்று கேட்க எந்த அலுவலகத்திலும் ஆளில்லை. வேலூரிலும் சென்னையிலும் வாடகை வீடு பார்க்கப் போனால், "நீங்க என்ன ஆளுங்க?" என்று இன்றும் கேட்கிறார்கள். சைவம் மட்டும் என்கிறார்கள். அட்வான்ஸ் வாங்கிய பிறகு, சொந்தக்காரர் வருகிறார் என்று திருப்பித் தருகிறார்கள். பரோடாவில் தடி தூக்கினார்கள். இங்கே சிரித்துக்கொண்டே கதவைச் சாத்துகிறார்கள்.

தீண்டாமையின் பேரால் ஒருவர் ஒரு பகுதியில் குடியிருப்பதைத் தடுப்பது, 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? சாதியைக் காரணம் காட்டி வீடு மறுத்தால், யார், எந்த நாளில், என்ன வார்த்தை சொன்னார் என்பதைக் குறித்துவைக்க வேண்டும். கூட ஒருவரைச் சாட்சியாக அழைத்துப் போக வேண்டும்.

விடுமுறை வேலைக்குப் போகிறவர்களுக்கு

இந்தக் கோடையில் வேலைக்குப் போகிற மாணவர்களுக்குச் சில செய்திகளைச் சொல்ல வேண்டும். 18 வயது நிரம்பாதவர்களை ஆபத்தான தொழில்களில் சேர்ப்பது குற்றம். பிளஸ் டூ எழுதிவிட்டு நிற்கிற தம்பியைத் தோல் பதனிடும் இடத்துக்கு அனுப்பாதீர்கள். 18 நிரம்பியவர்கள் இரண்டே மாதம் வேலை செய்தாலும் தொழிலாளிதான். வருங்கால வைப்பு நிதி பொருந்துகிற நிறுவனத்தில் தற்காலிகத் தொழிலாளிக்கும் முதல் நாளிலிருந்து அது உண்டு. ஈ.எஸ்.ஐ.யும் அப்படியே. கணக்கு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பிடித்த பணம் கணக்கில் சேர்ந்ததா என்று செல்போனிலேயே பார்க்கலாம். கான்ட்ராக்டர் மூலம் போனால் அவர் பெயரையும், பேசிய கூலியையும், வேலை செய்த நாட்களையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கையுறை, பூட்ஸ் இல்லாமல் ரசாயனத்தில் இறங்காதீர்கள். வேலையை விடும்போது அனுபவச் சான்று கேளுங்கள். மெஷின் வரிசையில் நிற்கும்போதே, மேலே என்னென்ன துறைகள் இருக்கின்றன, அங்கே சேர என்ன படிப்பு வேண்டும் என்று விசாரியுங்கள். சென்னை அடையாற்றில் 1948 முதல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. தோல் தொழில்நுட்பத்தில் பி.டெக். படிக்கச் சென்னையிலேயே வழி இருக்கிறது. தோலை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்? அந்த அறிவுக்குச் சம்பளமும் பதவியும் கிடைக்கிற இடத்துக்கு நாம் போக வேண்டும்.

திரும்பி வந்தவர்களை நாம் என்ன செய்கிறோம்?

அரசுக்கு நம் கோரிக்கை எளிமையானது. உதவித்தொகையில் படித்துத் திரும்புகிறவர்களுக்கு ஓராண்டு தங்குமிடமும் சிறு ஊக்கத்தொகையும் கொடுங்கள். தோல், காலணி ஏற்றுமதி நிறுவனங்களின் அலுவலகம், சோதனைக் கூடம், வடிவமைப்புப் பிரிவுகளில் தலித் மாணவர்களுக்கு ஊதியத்துடன் விடுமுறைப் பயிற்சி இடங்களை மாவட்ட நிர்வாகம் பேசி வாங்கித் தரட்டும். கோடையில் விடுதிகளை முழுவதுமாகப் பூட்டாமல், வேலைக்கும் பயிற்சிக்கும் போகிற மாணவர்களுக்காகச் சில அறைகளையாவது திறந்து வையுங்கள்.

நம் மக்களில் வேலைக்குப் போய் நிமிர்ந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆசிரியர், வங்கி ஊழியர், செவிலியர், வழக்கறிஞர், காவலர், ஐ.டி. ஊழியர் என்று இன்று ஒவ்வொரு காலனியிலும் நாலு பேர் இருக்கிறீர்கள். பேராசிரியர் லாஸ்கி எழுதிய கடிதத்தை நீங்களும் எழுத முடியும். உங்கள் அலுவலகத்தில் காலியிடம் இருந்தால் முதலில் காலனிக்குச் சொல்லுங்கள். நேர்காணலுக்கு வருகிற பிள்ளையை இரண்டு நாள் வீட்டில் தங்க வையுங்கள். அன்று பரோடாவில் அப்படி ஒரு வீடு மட்டும் திறந்திருந்தால், அண்ணல் பூங்காவில் உட்கார்ந்து ரயிலுக்குக் காத்திருக்க வேண்டியிருந்திருக்காது.

திரும்பி வந்த மாணவர்களே, இரண்டு மாத வேலை உங்கள் படிப்பைக் குறைத்துவிடாது. சிடன்ஹாம் கல்லூரித் தற்காலிகச் சம்பளத்தில் சேர்த்த பணம்தான் அம்பேத்கரை மறுபடி லண்டன் கப்பலில் ஏற்றியது. நீங்களும் கிடைத்த வேலையைச் செய்யுங்கள், பணத்தைச் சேருங்கள், விண்ணப்பங்களை அனுப்பிக்கொண்டே இருங்கள். மாலையில் ஒரு மணி நேரம் காலனி இரவுப் பள்ளியில் உட்கார்ந்து, உதவித்தொகைக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று அடுத்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். உங்களுக்குக் கிடைக்காத வழிகாட்டி அவர்களுக்காவது கிடைக்கட்டும்.